வெசனப்படாதீங்: கோபியிலிருந்து பொள்ளாச்சிக்கு ஐந்து நாள்

முதல் நாள், ஞாயிறு: கோபி

கோவையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, நம்பியூர் வழியாகப் பெரியப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஒன்பது. அக்கா புழு மனையை, அதாவது பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையை, கழுவிக்கொண்டிருந்தாள். போன வாரம் பட்டுக்கூடு எடுத்து விற்றாகிவிட்டது. அடுத்த சாக்கிப் புழு (இளம் பட்டுப்புழு) வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தெளித்து ஆறப்போட வேண்டும். வருஷத்தில் அக்காவுக்குக் கிடைக்கும் ஓய்வே இதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பத்து, பன்னிரண்டு நாட்கள்தான்.

"ஒரு அஞ்சு நாளு என்னெக் கூட்டிட்டுப் போ கண்ணு. எங்கெங்கன்னு நாஞ் சொல்றேன்" என்று அக்கா போன மாதம் போனில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வயதில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. எங்கெங்கே என்று எழுதி அனுப்பினாள். கொடிவேரி, பவானிசாகர், பண்ணாரி, தாளவாடி, பொள்ளாச்சி. கடைசிப் பெயரைத் தவிர மற்ற எல்லாமே 2007 இல் ஒரு படத்துக்குப் படப்பிடிப்பு நடந்த இடங்கள். அதில் நடித்தவரை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தப் பயணத்தை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எழுது. அவரு யாருன்னும் தெரியக்கூடாது, நான் யாருன்னும் தெரியக்கூடாது" என்றாள். ஆகவே நடிகர் பெயர், படத்தின் பெயர் இரண்டும் இதில் வராது. தமிழ்நாட்டில் சுவரொட்டியில் முகம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் என்பது போதும்.

கோபியைச் 'சின்னக் கோடம்பாக்கம்' என்று சொல்வார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமையும் உண்டு. காரணம் எளிமையானது. முப்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அணை, வாய்க்கால், வயல், தென்னந்தோப்பு, மலை, பழைய ஓட்டு வீடு, பாரியூர் மாதிரி பெரிய கோயில் எல்லாம் கிடைத்துவிடும். காலையில் வயலில் ஒரு காட்சி, மத்தியானம் கோயிலில் ஒரு காட்சி என்று எடுக்கலாம், யூனிட் அதிகம் அலைய வேண்டியதில்லை. பெரியப்பா வீடு தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் இருக்கிற தொட்டிக்கட்டு வீடு. 2007 தைப்பொங்கல் கழிந்ததும் 24 நாளுக்கு அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். அந்தப் பணத்தில் பெரியப்பா கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டார். அது இன்றைக்கும் ஓடுகிறது.

அக்காவுக்கு அப்போது 22 வயது. அவருக்கு அது மூன்றாவது படம், முந்தைய இரண்டும் ஓடவில்லை. கொங்கு நாட்டு விவசாயி மகனாக நடிக்க வேண்டும், பேச்சு வரவில்லை. வசனம் சொல்லிக் கொடுத்த உதவி இயக்குநரும் வேறு பக்கத்துக்காரர். வெளியூர்க்காரர்கள் நம் பேச்சைப் பேசினால் எல்லா வார்த்தையிலும் 'ங்க'வைப் போட்டு அழுத்துவார்கள். ஆசாரத்தில் (முன்கூடத்தில்) நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இடைவேளையில் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அந்த 'ங்'கை மூக்குக்குள்ளயே வெச்சுக்கோங்க. வெளிய விட்றாதீங்."

அவர் சிரிக்கவில்லையாம். ஒரு நோட்டை எடுத்து வந்து கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம். ஒட்டுக்கா, பொழுதோட, முச்சூடும், ஒறம்பறை (சொந்தக்காரர்) என்று வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொண்டார். வசனத்தாளில் 'கவலைப்படாதீங்க' என்று இருந்த இடத்தை அக்காவிடம் காட்டி, "இதை உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். அக்கா சொன்னது: "வெசனப்படாதீங்."

அதை அப்படியே படத்தில் வைக்கச் சொல்லி இயக்குநரிடம் இரண்டு நாள் பேசியிருக்கிறார். கோபித் தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது நானும் இருந்தேன். முழு அரங்கும் எழுந்து விசில் அடித்தது. என் பக்கத்து சீட்டில் அக்கா மட்டும் தாவணி முனையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து, "எங்கெங்க போறீங்க?" என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பொள்ளாச்சி என்றதும், "பொள்ளாச்சில என்ன?" என்றார். அக்கா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள், திங்கள்: கொடிவேரி, பவானிசாகர்

கொடிவேரியில் திங்கட்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. வறுத்த மீன் வாசம் மட்டும் குறையவில்லை. கொங்காள்வான் 1125 இல் கட்டிய தடுப்பணை என்று சொல்வார்கள். இங்கிருந்துதான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து 24,504 ஏக்கருக்குப் பாய்கின்றன. எங்கள் வீட்டுச் சோறே இந்தக் கல்லணையின் புண்ணியம். ஆகவே எத்தனை முறை வந்தாலும் இறங்கி ஒரு கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளாமல் நான் போவதில்லை.

அக்கா பரிசல் துறைப் பக்கம் ஒரு பாறையைக் காட்டினாள். இங்கேதான் பாட்டுக் காட்சி எடுத்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் பாசியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டான். ஷாட் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதை விட்டுவிட்டுக் குதித்து அவனைத் தூக்கி வந்தார். அன்றைக்கு அந்த உடை நனைந்ததால் அரை நாள் வேலை போயிற்று, தயாரிப்பு நிர்வாகி சத்தம் போட்டார். அக்கா இதைச் சொல்லிவிட்டு, "அன்னைக்குத்தான் கண்ணு" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பவானிசாகரில் பூங்காவுக்குள் ஒரு சுற்று. 1955 இல் கட்டி முடித்த மண் அணை. எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியாது. ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்தோம். அங்கேதான் அக்கா டப்பிங் கதையைச் சொன்னாள்.

படப்பிடிப்பு முடிந்து யூனிட் போய் இரண்டு மாதம். சென்னையில் டப்பிங் நடக்கிறது. திரையில் தன் உதட்டசைவைப் பார்த்து வசனத்தை மறுபடி பேச வேண்டும். அந்த 'ங்' மறுபடி வெளியே வந்துவிட்டது. டப்பிங் தியேட்டரிலிருந்து போன் செய்தார். அக்காவிடம் அப்போது நோக்கியா 1100. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, கட்டுத்தரையில் எருமைக்குப் பக்கத்தில் நின்றால் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு ஒவ்வொரு வசனமாக இவள் சொல்ல, அங்கே அவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம், தினமும் இரண்டு மணி நேரம். 'வெசனப்படாதீங்' மட்டும் பதிமூன்று தடவை. பதிமூன்றாவது தடவை சொன்னபோது எருமை கத்திவிட்டது. அவர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது என்றாள்.

டப்பிங் முடிந்த பிறகும் போன் நிற்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு வரும். பெரியம்மாவுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் வீட்டில் சாப்பிட்ட 24 நாளும் தன் வட்டலைத் தானே எடுத்துப்போய்க் கிணற்றடியில் கழுவி வைத்தவன். அது ஒன்று போதும் என்பது பெரியம்மாவின் கணக்கு. பெரியம்மா இப்போது இல்லை.

படம் பெரிதாக ஓடியது. அடுத்ததும் ஓடியது. மூன்றாவது வந்தபோது கோபி பேருந்து நிலையத்தில் அவருக்கு ஆளுயரத்துக்கு மேல் கட்-அவுட் வைத்துப் பால் ஊற்றினார்கள். அக்கா டவுன்பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் பி.எட். வகுப்புக்குப் போய் வந்தாள்.

மூன்றாம் நாள், செவ்வாய்: பண்ணாரி, திம்பம், தாளவாடி

சத்தியமங்கலத்தில் மல்லிகை வாங்கிக்கொண்டு பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலை ஏறினோம். திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகத்து ரோடு என்பதால் 2022 இலிருந்து இரவில் போக்குவரத்துத் தடை இருக்கிறது. பகலிலேயே போய்த் திரும்பிவிட வேண்டும். கரும்பு லாரி ஒன்று வளைவில் திரும்பும் வரை கால் மணி நேரம் நின்றோம். ஆசனூர் தாண்டி, கொஞ்ச தூரம் கர்நாடகத்துக்குள் போய், மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் தாளவாடி. முட்டைக்கோஸ் வயலும் ராகி வயலுமாக அது வேறு ஒரு உலகம். டீக்கடையில் கன்னடம்தான் பேசுகிறார்கள்.

இங்கே பக்கத்தில் தொட்டகாஜனூர். கன்னட நடிகர் ராஜ்குமாரின் ஊர். 2000 ஜூலை 30 அன்று அவருடைய பண்ணை வீட்டிலிருந்துதான் வீரப்பன் அவரைக் கடத்திக்கொண்டு போனான். 108 நாள் காட்டில் இருந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தேன். கர்நாடகத்துக்கு பஸ் போகாமல் நின்றதும், வீட்டில் காலையும் மாலையும் ரேடியோ செய்தி கேட்டதும் நினைவில் இருக்கிறது.

எனக்கு அந்த ஊரில் நின்றபோது தோன்றியது அவருடைய மனைவி பார்வதம்மாவைப் பற்றி. மைசூர்ப் பக்கம் சாலிகிராமம் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1953 இல் கல்யாணம். அதற்கு அடுத்த வருஷம்தான் ராஜ்குமார் கதாநாயகனாக நடித்த முதல் படம் வருகிறது. அதாவது அவர் கல்யாணம் செய்துகொண்டது புகழ்பெற்ற நடிகரை அல்ல, நாடகக் கம்பெனியில் இருந்த ஒருவரை. புகழ் வீட்டுக்குள் வந்தபோது அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். பின்னாளில் அவரே படத் தயாரிப்பாளர் ஆனார், வீட்டையும் பட நிறுவனத்தையும் சேர்த்து நடத்தினார்.

இதைச் சொன்னேன். ரஜினிகாந்த் வீட்டுக் கதையையும் சொன்னேன். லதா எத்திராஜ் கல்லூரியில் படிக்கும்போது கல்லூரிப் பத்திரிகைக்காகப் பேட்டி எடுக்கப் போனவர், 1981 பிப்ரவரி 26 அன்று திருப்பதியில் கல்யாணம். "அவங்க மெட்ராசுல வளந்தவங்க கண்ணு" என்றாள் அக்கா. "அந்த ஊரு அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது வாய்க்காலு."

2009 இல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் அப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார், ஒரு தடவை சென்னைக்கு வந்து பார்க்கச் சொன்னார். அக்கா தயங்கினாள். நான்தான் வா வா என்று நச்சரித்து வரவழைத்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, எல்லாமே சினிமாவாகத் தெரிந்த வயது. ராத்திரி பதினொரு மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரை. கறுப்புப் படம் ஒட்டிய கண்ணாடிக் கார். 2012 இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுப்பதற்கு முந்தைய காலம். போகும் வழியெல்லாம் சிக்னல் வந்தால் தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார் டிரைவர். அக்கா குனிந்தாள்.

மணலில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்திருப்போம். ஒரு பையன் அடையாளம் கண்டு கத்தினான். எங்கிருந்துதான் வந்தார்களோ, நூறு பேர். கூட இருந்த ஆட்கள் அவரை அள்ளிக் காரில் ஏற்றினார்கள். கதவு மூடியது, கார் போய்விட்டது. நானும் அக்காவும் வெளியே. தள்ளுமுள்ளில் அக்காவின் ஒரு செருப்பு காணாமல் போய்விட்டது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு அடையாறு பஸ் டெப்போ வரை வெறுங்காலோடு நடந்து வந்தாள். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. அவர் அழுதார், எனக்கே கேட்டது. அக்கா சொன்னாள்: "உங்க மேல தப்பில்லீங். வண்டி கிளம்பறப்ப நான் உள்ள இருக்கோணும், இல்லீன்னா வண்டியே இருக்கக்கூடாது. ரெண்டும் இப்ப முடியாதுங். வெசனப்படாதீங்."

அப்புறம் பதினைந்து வருஷம் பேச்சே இல்லை. அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் அக்காவை வரவழைத்த குற்ற உணர்ச்சி எனக்குள் குத்தும். இன்றைக்குத் தாளவாடி டீக்கடையில் அதைச் சொல்லி அழுதுவிட்டேன். அக்கா என் தலையைக் கோதிவிட்டு, தான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

போன தீபாவளிக்கு அடுத்த நாள் ராத்திரி அவர் போன் செய்திருக்கிறார். அக்கா எண்ணை மாற்றவே இல்லை. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. புழு மனைக்குள் நின்றுகொண்டிருந்தாள். நாலாவது தோல் உரித்த புழு, ராப்பகலாகத் தின்னும் பருவம். அவர் கேட்டிருக்கிறார், "அங்க மழையா?"

"இல்லீங். புழு எலை திங்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "போனை அங்கேயே வெச்சிடுங்களேன்" என்றாராம். அக்கா தட்டின் ஓரத்தில் போனை வைத்துவிட்டு மல்பெரித் தழை போட்டுக்கொண்டு போனாள். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இணைப்பு அறுபடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

எனக்கு அந்த இடத்தில்தான் இந்த மனிதர் மேல் நம்பிக்கை வந்தது. உலகமே அவரைப் பார்க்கிறது. இவளிடம் மட்டும் அவர் காதைக் கொடுக்கிறார். 2007 இலும் அதைத்தான் செய்தார், இப்போதும் அதைத்தான் செய்கிறார். ஒரு பெண்ணின் பேச்சையும் அவள் செய்யும் வேலையின் சத்தத்தையும் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவன் மேல் காதல் வந்தால் அதில் வியப்பில்லை.

அந்த மாதத்திலிருந்து ஒன்பதரை மணிப் போன் மறுபடி வருகிறது. பொள்ளாச்சியில் இப்போது அவருக்குப் படப்பிடிப்பு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

நாலாம் நாள், புதன்: பொள்ளாச்சி

சத்தியிலிருந்து கோவை, கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அறையில் பையை வைத்ததும் கடைக்குப் போய்ச் சீரகமும் சின்ன வெங்காயமும் துவரம்பருப்பும் வாங்கி வந்தாள். அரிசி வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். லாட்ஜுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசி, காலையில் அடுப்பு கேட்டுவிட்டாள். அந்த அம்மாவும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சரியென்றார். பயணத்தில் எழுதும்படி இன்று வேறு ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், வியாழன்: ஆனைமலை, ஆழியாறு

இதைப் பத்து நாள் கழித்து, அக்கா படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகு பதிகிறேன்.

காலை ஐந்து மணிக்கே அரிசிப் பருப்புச் சோறு ஆக்கித் தூக்குப்போசியில் போட்டு, மேலே நெய் ஊற்றி மூடிவிட்டாள். ஊரில் சந்தை நாள், மாடு ஏற்றிய வண்டிகள் விடியலிலேயே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு எதிர்த்திசையில் ஆனைமலைக்குப் போனோம்.

மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருப்பாள். பெரிய உருவம், முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். அநியாயம் நடந்தவர்கள் இங்கே வந்து வரமிளகாயை ஆட்டுக்கல்லில் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். களவு போனவர்கள், ஏமாந்தவர்கள், சொத்தை இழந்தவர்கள் எனப் பலர். இன்றைக்கும் ஒரு வயதான அம்மா கண்ணில் நீர் வழிய அரைத்துக்கொண்டிருந்தார். மிளகாய்க் காரமா துக்கமா என்று தெரியவில்லை.

எனக்கு அந்த 2009 ராத்திரி மனசுக்குள் வந்தது. அந்தக் கூட்டத்தின் மேல், காரை ஓட்டிப் போனவர்கள் மேல், போன பதினைந்து வருஷத்தின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. "அக்கா, நாமளும் அரைக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்கிட்ட யாரும் எதையும் திருடலியே கண்ணு" என்றாள். பிறகு அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த குழவியை வாங்கி, மிச்ச மிளகாயை அவருக்காக அரைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

படப்பிடிப்பு ஆழியாறு போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பில். ரோட்டிலிருந்தே ஜெனரேட்டர் வண்டியின் உறுமல் கேட்டது. கயிறு கட்டியிருந்தார்கள், அதற்குப் பின்னால் இருநூறு பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தேங்காய் உரிக்கும் ஆட்கள், கைக்குழந்தையோடு பெண்கள். போன் செய்தால் உள்ளே அழைத்துப்போக ஆள் வருவார் என்று அவர் சொல்லியிருந்தார். அக்கா போன் செய்யவில்லை. கயிற்றுக்குப் பின்னால், எல்லோரோடும் நின்றாள். கையில் தூக்குப்போசி.

தள்ளி ஒரு கட்டிலில் உட்கார்ந்து அவர் பேசும் காட்சி. நாலு தடவை எடுத்தார்கள். எங்களுக்கு வசனம் கேட்கவில்லை. ஐந்தாவது தடவைக்கு லைட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் இந்தப் பக்கம் திரும்பினார். கூட்டம் கையை ஆட்டிக் கத்தியது. அவரும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார், தூக்கிய கை பாதியில் நின்றது.

நடந்து வந்தார். பின்னால் குடையோடு ஒருவர் ஓடி வந்தார், அவரை நிற்கச் சொல்லிவிட்டார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். இருநூறு பேரும் நெருங்கினார்கள். எனக்கு பெசன்ட் நகர் மணல் காலடியில் நெளிவது போல இருந்தது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூட்டத்தைப் பார்த்து, சத்தம் போடாமல், எங்கள் பேச்சிலேயே சொன்னார்: "எங்கூரு ஒறம்பறை வந்திருக்குதுங். ஒரு அரை மணி நேரம் எங்களெ விட்டுருங்."

விட்டார்கள். ஒரு பெரியவர் முன்னால் வந்து பிள்ளைகளை இரண்டு கையாலும் ஒதுக்கினார். நம் ஜனங்களைப் பற்றி நான் பல நாள் தவறாக நினைத்திருக்கிறேன்.

என் காரின் பின் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவை மூடவில்லை. அவர் கால்கள் வெளியே மண்ணில் இருந்தன. நான் தள்ளிப் போய் ஒரு தென்னை மரத்தடியில் நின்றுகொண்டேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அக்கா போசியைத் திறந்து மூடியில் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒப்பனை கலையுமோ என்று பார்க்காமல் அவர் கையால் அள்ளிச் சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், காதோரம் நரைக்குச் சாயம் பூசியிருந்தது. சாப்பிடும்போது மட்டும் அந்தக் கிணற்று மேட்டுப் பையன் தெரிந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா போசிக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. எழுந்து, தோப்புக்காரர் மோட்டார் தொட்டிக்கு நடந்தார். கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது, சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, மண்ணும் தேங்காய் நாருமாகப் போசியைத் தேய்த்து, மூடியையும் தேய்த்து, மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி எடுத்து வந்தார்.

திரும்பும்போது பல்லடம் வழியாக வந்தோம். அக்கா போசியை மடியில் வைத்திருந்தாள். சரியாக வடியாத தண்ணீர் சேலையில் சொட்டி, முழங்கால் பக்கம் ஒரு வட்டமாக நனைந்திருந்தது. கீழே வைக்கச் சொன்னேன், வைக்கவில்லை. திருப்பூர் தாண்டி, குன்னத்தூர் ரோட்டில் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழமை கோபிக்கு வர்றாருங்களாம். காரெல்லாம் வேண்டாம், பஸ்ஸுலயே வர்றேங்கறாரு."

"சரி, வரட்டுமே."

"அப்பாகிட்ட என்னன்னு சொல்றது கண்ணு?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டாள். அரிசி எத்தனை படி, பருப்பு எவ்வளவு, நெய் போதுமா. சாக்கிப் புழு வர இன்னும் எட்டு நாள் இருக்கிறது, நல்லவேளை.